அடுப்பின் முன்னே ரப்பர் செருப்பு

தம்பி,

தினமும் போனில் பேசுகிற பிள்ளைக்கு அம்மா உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள் என்றால் நீ முதலில் சிரிப்பாய், பிறகு பயப்படுவாய். இரண்டுக்கும் சேர்த்து என்னை மன்னித்துக்கொள். பேசிவிடத்தான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை நீ அழைத்தபோதும், புதன்கிழமை அழைத்தபோதும் வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியா" என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. ஆபீஸில் பதினைந்து வருடமாக ஒரே அறையில் இருப்பவர்களிடமே நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள் நான். எழுதினால்தான் ஒரு விஷயத்தைக் கடைசி வரை சொல்ல வருகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் நெஞ்சை நினைத்துப் பயமாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, உன் பிறந்தநாளன்று, நீ அங்கேயும் நாங்கள் இங்கேயுமாகச் சேர்ந்து சமைத்தோமே, அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. முதலில் உன் அத்தை படிப்பாள். அவள் படித்த பிறகு பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன். அத்தை ஏன் படிக்க வேண்டும் என்பது போகப்போக உனக்கே தெரியும்.

நீ கார்க் நகரத்துக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. படிப்புக்கு நடுவில் ஒரு சின்ன விடுதியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே கற்றுக்கொண்ட காலை உணவை உன் அறையிலும் சமைக்க ஆரம்பித்தாய். "அயர்லாந்துக்காரங்க டிபன்மா, ஒரு தட்டு உள்ள போனா ராத்திரி வரைக்கும் பசிக்காது" என்று சொல்லி நீ அனுப்பிய போட்டோக்கள் என் போனில் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். சாசேஜ் இரண்டு, உப்புப் போட்ட பன்றிக்கறித் துண்டு மூன்று, முட்டை, ரத்தத்தில் செய்த கறுப்பு வில்லை, வறுத்த தக்காளி, காளான், ரொட்டி மேல் வெண்ணெய். முதலில் சனிக்கிழமை மட்டும் வந்த போட்டோ, பிறகு ஞாயிறும் வந்தது, பொங்கலுக்குப் பிறகு புதன்கிழமைகூட வந்தது. நான் "நல்லா இருக்குப்பா" என்று பதில் போட்டேன். பிறந்தநாளுக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு ஊரிலும் செய்து போனில் சேர்ந்து சாப்பிடலாம் என்று நீ சொன்னபோது உடனே சரி என்றேன். ஆசை ஒரு பாதிதான். அந்தத் தட்டுக்குள் என்னதான் போகிறது என்று என் கையாலேயே தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பயம் பிடுங்கிக்கொண்டிருந்தது.

ஸ்ரீரங்கத்தில் நம் வீட்டில் செய்ய முடியாது என்பது உனக்குத் தெரியும். முட்டைகூட மாடிக்கு வராது என்று சொல்லித்தான் கீழ் வீட்டு மாமியிடம் வாடகைக்கு வந்தோம். அதனால் திருவானைக்காவலில் அத்தை வீட்டில் செய்வதாக ஏற்பாடு. சாசேஜும் பன்றிக்கறியும் வாங்க நான்தான் கண்டோன்மென்ட் பக்கம் போனேன். கடையில் எனக்கு முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர் எல்லோரும் வாங்கிப் போகும் வரை ஓரமாக நின்றேன். கடைசியில் கடைக்காரரே, "என்ன வேணும்க்கா?" என்றார். பன்றி என்ற சொல் வாயில் வரவில்லை. கண்ணாடிப் பெட்டியைக் கையால் காட்டினேன். அவர் கறுப்புக் கவரில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு காவேரிப் பாலம் தாண்டும் வரை யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு உன் அழைப்பு வந்தது. உனக்கு அப்போது காலை ஒன்பதரை. அத்தை போனை மஞ்சள் தூள் டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு, "மூணு மணிக்கு எந்த ஊர்லடா காலை டிபன் திம்பாங்க?" என்று ஆரம்பித்தாள். தன் தோசைக்கல்லைத் தரமாட்டேன் என்று முன்னாலேயே ஒளித்து வைத்துவிட்டாள். "நாளைக்கு இந்தக் கல்லுலதான் இவருக்குத் தோசை ஊத்தணும் அண்ணி. பன்னின்னு தெரிஞ்சா கல்லோட சேத்து என்னையும் தூக்கி வெளிய போட்டுடுவாரு." நான் புதிதாக வாங்கிப்போன தட்டையான வாணலியைத்தான் அடுப்பில் வைத்தோம். மாமா துறையூருக்கு ஒரு காரியமாகப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று.

"எண்ணெய் ஊத்தாதீங்க அத்தை. சாசேஜை முதல்ல வைங்க, தீயைச் சின்னதா வைங்க. அதுவே எண்ணெய் விடும்" என்றாய்.

"எண்ணெய் ஊத்தாம வறுக்குறதா? இவன் நம்மள வச்சு விளையாடுறான் அண்ணி."

அது விட்டது. பத்து நிமிடத்தில் வாணலி பளபளவென்று ஆகிவிட்டது. அடுத்துப் பன்றிக்கறித் துண்டுகளை வைக்கச் சொன்னாய். அவற்றின் ஓரத்தில் இருந்த வெள்ளைப் பட்டை கண்ணாடி போலாகி, சுருங்கி, இன்னும் கொழுப்பை விட்டது. அங்கே கிடைக்கும் கறுப்பு வில்லை இங்கே கிடைக்காததால் அத்தை காலையிலேயே ஆட்டு ரத்தம் வாங்கி, சின்ன வெங்காயம் போட்டுப் பொரியல் செய்து வைத்திருந்தாள். அதை வடை மாதிரி தட்டி அதே கொழுப்பில் போட்டாள். "ரத்தம் திங்கிறத வெளிய சொல்லாதன்னு எங்கம்மா சொல்லும். வெள்ளைக்காரன் பாரு, போட்டோ எடுத்து ஊருக்கே அனுப்புறான்" என்றாள். நீ அங்கே சிரித்த சிரிப்பில் உன் கையிலிருந்த இடுக்கி ஆடியது. பிறகு தக்காளியைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்தோம். மைதாவில் மோரும் ஆப்ப சோடாவும் கலந்து தட்டி, நாலாக வெட்டிச் சுட்ட ரொட்டியையும் ஒரு பிரட்டு பிரட்டினோம். எல்லாம் ஒரே கொழுப்பில். கடைசியாக முட்டை. "உடைச்சு ஊத்திட்டு, கரண்டியால அந்தக் கொழுப்பை அள்ளி அள்ளி மேல விடுங்கம்மா. மஞ்சக்கரு மேல வெள்ளையா திரை மாதிரி மூடிக்கும்." நான் அள்ளி அள்ளி விட்டேன். நீ உன் முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெண்ணெய் எடுக்க நீ போனைக் கையில் பிடித்தபடி ஃப்ரிட்ஜுக்கு நடந்தபோது படம் கீழே சாய்ந்தது. உன் கால் தெரிந்தது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏன்டா மருமகனே, அந்தக் குளிர்ல வீட்டுக்குள்ள ரப்பர் செருப்பு?"

"கரண்ட் அடுப்பு அத்தை. அம்மா ட்ரெயினிங். இங்க கூட இருக்கறவனுங்க எல்லாம் கிண்டல் பண்றானுங்க. கரண்டு படிக்க வந்தவன் கரண்டுக்குப் பயப்படுறான்னு."

அதற்குப் பிறகு நீ சொன்னதைத்தான் நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். "இவ்ளோ கொழுப்பு தின்னா உடம்பு என்னத்துக்குடா ஆவும்?" என்று அத்தை கேட்டாள். நீ சாதாரணமாகச் சொன்னாய்: "போன வாரம்தான் அத்தை இங்க டாக்டர்கிட்ட பேர் பதிஞ்சேன். ஒரு ஃபார்ம் குடுத்தாங்க. குடும்பத்துல யாருக்காச்சும் சின்ன வயசுல ஹார்ட் பிரச்சினை உண்டான்னு கேட்டிருந்துச்சு. இல்லைன்னு டிக் பண்ணிட்டேன். அப்பாவுக்குக் கரண்ட்தானே." அத்தை சட்டென்று திரும்பிக் குழாயைத் திறந்து, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். நான் முட்டையைக் கரியவிட்டேன். ஆவியில் மங்கிப்போன கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நீ போனுக்கு அருகில் குனிந்து, "என்னம்மா, கருகுதா?" என்றாய். கண்ணாடி இல்லாத உன் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்துப் பல மாதம் ஆகிறது. இடது கண்ணின் மூக்கோரத்தில், இமை மேல், அரிசி அளவுக்கு மஞ்சளாக ஒரு தடிப்பு. வெளிச்சமா, எண்ணெய் தெறித்ததா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் உன் அப்பாவுக்கும் அதே இடத்தில் இருந்தது.

அன்று நீ போனை வைத்த பிறகு நான் அத்தையிடம், "இனிமே மறைக்க முடியாது, அவன்கிட்ட சொல்லிடலாம்" என்றேன். அவள் வாணலியைத் தேய்த்துக்கொண்டே, "இப்ப எதுக்கு அண்ணி அதெல்லாம்? இவருக்குத் தெரிஞ்சா பதினாறு வருஷமா என்னை ஏமாத்தினீங்களான்னு கேக்க மாட்டாரா?" என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டேன். எப்போதும் போல.

தம்பி, உன் அப்பா கரண்ட் அடித்துச் சாகவில்லை.

உனக்கு ஆறு வயது. துறையூர் பக்கம் நம் ஊரில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று அப்பா சனிக்கிழமை போயிருந்தார். மோட்டார் ரூமுக்குள் விழுந்து கிடந்தவரைப் பக்கத்து வயல்காரர்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது. மாரடைப்பு. முப்பத்தேழு வயது. அங்கே இருந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்பாவின் கண்ணோரத்து மஞ்சள் தடிப்பைக் காட்டி, "இது எப்பேர்ந்தும்மா இருக்கு? வீட்ல வேற யாராச்சும் சின்ன வயசுல இப்படிப் போயிருக்காங்களா?" என்று கேட்டார். தாத்தா நாற்பத்து நாலில் வரப்பில் சாய்ந்தார், பெரியப்பா நாற்பதில் தூக்கத்திலேயே போனார் என்று சொன்னேன். "ரத்தத்துல கொழுப்பு பிறவியிலேயே அதிகமா இருக்கற குடும்பமா இருக்கலாம். பையனுக்குப் பத்து வயசுக்குள்ள ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்துடுங்க. முன்னாடியே தெரிஞ்சா மாத்திரை இருக்கு, பயப்பட வேண்டாம்" என்றார். ஒரு சீட்டிலும் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். என் பின்னால் அத்தையும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். அப்பாவின் சித்தப்பா என்னைப் பார்த்து, "படிச்ச புள்ளதானே, என்ன எழுதியிருக்குன்னு படி" என்றார். எங்கள் வீட்டிலும் சரி, வாக்கப்பட்ட வீட்டிலும் சரி, காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். படித்துச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "அதை உள்ள வை. அடுத்த மாசம் திருவானைக்காவல்காரங்க நிச்சயத்துக்கு வராங்க. எங்கண்ணன் போனப்ப பூச்சி கடின்னு சொன்னோம். பெரியவனுக்கு மஞ்சக்காமாலைன்னு சொன்னோம். மூணாவதும் நெஞ்சுன்னு வெளிய போனா இந்தப் பொண்ண எவன் கட்டுவான்? மோட்டார் ரூம்லதானே விழுந்தான், கரண்டுன்னே இருக்கட்டும்." உன் அத்தை அப்போது இருபத்து மூன்று வயதுப் பெண். சுவரோடு ஒட்டித் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். சீட்டை நாலாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அங்கே அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மடித்து வைத்ததும் நான்தான்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பொய்க்குச் சோறு போட்டு வளர்த்தேன். "கரண்ட் எப்படிம்மா அடிச்சுது?" என்று நீ கேட்டபோது, "அப்பா கை ஈரமா இருந்துச்சு" என்றேன். அப்பா கை ஈரமாக இருந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு நீ ஈரக் கையோடு சுவிட்ச் பக்கம் போனால் கத்தினேன். செருப்புப் போடாமல் மிக்ஸியைத் தொடவிடவில்லை. உண்மையான பயத்தைச் சொல்ல முடியாதவள், பொய்யான பயத்தை உன் காலில் மாட்டிவிட்டேன். எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாதுகாப்பு பற்றிப் பேசி, "என் அப்பாவைப் போல இன்னொருவர் போகக் கூடாது" என்று முடித்தாயே, எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுத்தார்களே, கூட்டத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நானும் கை தட்டினேன். அந்த டம்ளரில்தான் இன்றும் காபி குடிக்கிறேன். பிறகு காலேஜில் கரண்ட் சம்பந்தமான படிப்பையே எடுத்தாய். அதையே மேலே படிக்கக் கடல் தாண்டியும் போனாய். அன்றெல்லாம் சொல்லியிருக்கலாம். உனக்குப் பத்து வயதானபோது லேப் வாசல் வரை உன்னைக் கூட்டிப்போனேன். பொன்மலை ரயில்வே ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். என்ன டெஸ்ட், யாருக்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று கூச்சமாகிவிட்டது. உனக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிட்டேன். அந்த ஐஸ்கிரீம் உனக்கு ஞாபகம் இருக்கும். எதற்கு வந்தோம் என்று நீ கேட்கவே இல்லை. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒவ்வொரு வருடமும் தள்ளினேன். நீ நன்றாக ஓடினாய், கபடி ஆடினாய். அதைப் பார்த்துப் பார்த்து என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உன் அப்பாவும் விழுவதற்கு முந்தின நாள் வரை அதே பொன்மலைக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தவர்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அத்தை போன் செய்தாள். நீ சமையலின்போது, "அந்தக் கொழுப்பைக் கொட்டாதீங்க அத்தை, கிண்ணத்துல எடுத்து ஃப்ரிட்ஜ்ல வைங்க, உருளைக்கிழங்கு வறுக்கலாம்" என்று சொல்லியிருந்தாய். அவளும் வைத்துவிட்டு மறந்திருக்கிறாள். "அண்ணி, இப்பதான் திறந்தேன். வெள்ளையா, கெட்டியா, மெழுகு மாதிரி நிக்குது. கிண்ணத்தைக் கவுத்துனேன், விழவே மாட்டேங்குது" என்றாள். அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. "அந்த டாக்டர் சொன்னது ஞாபகம் வந்துடுச்சு அண்ணி. எனக்கும் இருக்குமா? என் புள்ள சரணுக்கும் இருக்குமா? அவனுக்குப் பதினாலு ஆச்சு. பத்து வயசுக்குள்ளன்னுல்ல சொன்னாரு." அவள் பிள்ளைக்கும் சேர்த்துத்தானே நான் வாயை மூடியிருக்கிறேன். பிறகு அவளே சொன்னாள்: "எழுதுங்க அண்ணி. ஒண்ணு விடாம எழுதுங்க. நான் படிச்சுட்டு அதை அப்படியே இவர் கையில குடுத்துடுறேன். வாயால சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. திட்டினா திட்டட்டும். திட்டி முடிச்சதும் சரணைக் கூட்டிக்கிட்டு லேபுக்குப் போறோம்." என்னைவிட அவளுக்குத் தைரியம் அதிகம். என் கல்யாணத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி அவள்தான். இதைப் படிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வரும்.

அந்தச் சாப்பாடு நன்றாக இருந்தது தம்பி. பொய் சொல்லவில்லை. மோர் ரொட்டியில் தக்காளிச் சாறு ஊறி, அந்த முட்டையோடு சாப்பிட்டபோது, குளிரில் எழுந்து வேலைக்குப் போகிறவன் இதை ஏன் விரும்புகிறான் என்று புரிந்தது. அதைச் சாப்பிடாதே என்று இங்கிருந்து சொல்ல எனக்கு என்ன தெரியும். எதைச் சாப்பிடலாம், எதை விட வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் உன் ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அந்தத் தடிப்பு ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம். நான் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னத் திரையில் பார்த்தது. தப்பாக இருக்கட்டும் என்று தினமும் சாமியிடம் கேட்கிறேன். பர்ஸில் இருந்த அந்தச் சீட்டையும் இந்தக் கடிதத்தோடு போட்டோ எடுத்து அனுப்புகிறேன். மடித்த இடத்தில் கிழிந்திருக்கிறது, ஆனால் எழுத்து தெரிகிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயத்தில் இவ்வளவு தூரம் அதைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். நீ அங்கே பேர் பதிந்த டாக்டரிடம் நாளைக்கே திரும்பிப் போ. "இல்லை" என்று நீ போட்ட குறியை அடித்துவிட்டு, தாத்தா நாற்பத்து நாலு, பெரியப்பா நாற்பது, அப்பா முப்பத்தேழு என்று எழுதிக்கொடு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணோரத்தைக் காட்டு. கையை நீட்டு, ரத்தம் எடுத்துக்கொள்ளட்டும். என் மேல் உனக்குக் கோபம் வரும். வந்தால் அந்தக் கோபத்தோடேயே போ, ஆறட்டும் என்று காத்திருக்காதே. ரத்தம் கொடுத்து முடித்ததும் எனக்கு ஒரு போன் செய். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம். ஒரு ரிங் விட்டு வைத்துவிடு. போன் என் கையில்தான் இருக்கும்.